தரங்கம்பாடிக்கு வந்த இளைஞர்: சீகன்பால்கு

மாணவர்களே,

ஐரோப்பியர் தமிழுக்கு ஆற்றிய தொண்டு பற்றி எழுதச் சொன்னால், உங்களிற் பலர் வீரமாமுனிவருக்கு ஒரு பந்தியும் போப் ஐயருக்கு ஒரு பந்தியும் எழுதிவிட்டு, சீகன்பால்குவுக்கு ஒரேயொரு வசனத்தை ஒதுக்குகிறீர்கள். அந்த வசனமும் பெரும்பாலும் பிழையாகவே இருக்கிறது. தமிழில் முதன்முதலாக நூல் அச்சிட்டவர் சீகன்பால்கு என எழுதாதீர்கள். தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578 ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. அதனை வெளிக்கொணர்ந்தவர் போர்த்துக்கேய யேசுசபைத் துறவியான அண்ட்ரிக் அடிகளார் ஆவார். அப்போது சீகன்பால்கு பிறந்திருக்கவேயில்லை. அவர் அச்சிட்டது தமிழ்ப் புதிய ஏற்பாடு ஆகும். இந்த வேறுபாட்டை முதலில் மனதிற் பதித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மனிதரிடம் வருவோம்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்நிற்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். தந்தையையும் இழந்தார். மூத்த சகோதரியே அவரை வளர்த்தார். மரணப்படுக்கையில் இருந்த தாய் பிள்ளைகளை அழைத்து, வேதாகமத்தில் உங்களுக்கு ஒரு செல்வத்தைச் சேர்த்து வைத்திருக்கிறேன், அதன் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணீரால் நனைத்திருக்கிறேன் என்ற கருத்துப்படக் கூறிச் சென்றதாக வரலாறு சொல்கிறது. ஏட்டையும் நம்பிக்கையையும் பிரித்துப் பார்க்க இயலாத ஒரு மனம் அவரிடம் உருவானதற்கு இந்த நிகழ்ச்சியும் ஒரு காரணம் எனலாம்.

அவர் உடல் வலிமை மிக்கவர் அல்லர். வயிற்று நோயும் மனச்சோர்வும் அவரை அடிக்கடி வருத்தின. நோயினால் படிப்பு இடையிடையே தடைப்பட்டது. 1703 இல் ஹாலே பல்கலைக்கழகத்திற் சேர்ந்து அவுகுஸ்த் ஹெர்மன் பிராங்கே என்பவரிடம் கற்றார். வெறும் சடங்காகச் சமயத்தைப் பின்பற்றுவது போதாது, மனமாற்றமும் ஒழுங்கான வாழ்வும் வேண்டும் என வற்புறுத்திய பக்தி இயக்கத்தின் தலைவர் அவர். அநாதைப் பிள்ளைகளுக்காகப் பெரிய இல்லமும் பாடசாலைகளும் நடத்தியவர். இந்த ஆசிரியரின் பெயரை மறந்துவிடாதீர்கள். பின்னர் மீண்டும் வருவார்.

அக்காலத்தில் டென்மார்க் மன்னன் நான்காம் பிரெடெரிக் தனது நாட்டின் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்ப விரும்பினான். தரங்கம்பாடி தமிழ்நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள ஒரு சிறு துறைமுகப் பட்டினம். 1620 இல் தஞ்சை நாயக்க மன்னனிடமிருந்து டேனியர் அதனைப் பெற்றிருந்தனர். டென்மார்க்கில் தகுந்தவர்கள் கிடைக்காமையால் ஜேர்மனியில் தேடினர். சீகன்பால்குவும் அவரை விட வயதில் மூத்தவரான ஹென்றிக் புளூட்சோவும் தெரிவு செய்யப்பட்டனர். 1705 நவம்பர் 29 அன்று கொப்பன்கேகனிலிருந்து சோபியா ஹெட்விக் என்ற கப்பல் புறப்பட்டது. ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி ஏழு மாதங்களுக்கு மேல் பயணம். 1706 யூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியபோது சீகன்பால்குவுக்கு ஏறக்குறைய 24 வயது.

மன்னன் அனுப்பியவர்களுக்கு மாலை மரியாதை கிடைத்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அப்படி நடக்கவில்லை. தரங்கம்பாடியை ஆண்டது மன்னன் அல்ல, டேனிஷ் வர்த்தகக் கம்பனி. அதன் அதிகாரியான ஹாசியுஸ் மிஷனரிகளைத் தொல்லையாகவே கருதினார். ஊர்ச் சனங்களின் சமய விடயத்திற் தலையிட்டால் வியாபாரம் கெடும் என்பது கம்பனியின் பயம். அன்று முழுவதும் இருவரும் காக்க வைக்கப்பட்டனர். பின்னர் வந்த அதிகாரி கடுமையாகப் பேசிவிட்டுச் சென்றுவிட்டார். தங்க இடமின்றித் தெருவில் நின்ற அவர்களை ஒருவர் இரங்கி அழைத்துச் சென்றார்.

மணலில் எழுதிய பாதிரியார்

தமிழ் தெரியாமல் தமிழர் மத்தியில் எதைப் போதிப்பது? அக்காலத்தில் கரையோரத் துறைமுகங்களில் எல்லோருக்கும் பொதுவான வியாபார மொழி போர்த்துக்கேயம். யாழ்ப்பாணத்தில் அப்போது ஒல்லாந்தர் ஆட்சி நடந்தது. அங்கும் போர்த்துக்கேயம் புழக்கத்தில் இருந்தது. ஆகவே புளூட்சோ போர்த்துக்கேயத்தையும் சீகன்பால்கு தமிழையும் பொறுப்பெடுத்தனர். துபாசி ஒருவரை வைத்துக்கொண்டு காலத்தைக் கடத்துவது எளிது. வந்த ஐரோப்பியரிற் பலர் அதைத்தான் செய்தனர். சீகன்பால்கு அதனை ஏற்கவில்லை.

கற்பதற்கு ஒரு நூலும் கைவசம் இல்லை. எழுபது வயதான ஒரு தமிழ் வாத்தியாரை, அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தோடு, தமது வீட்டிற்கே வரவழைத்தார். பிள்ளைகள் நிலத்தில் வரிசையாக அமர்ந்து மணலில் விரலால் எழுதினர். அவர்களுக்கு நடுவே இந்த வெள்ளைக்காரரும் சப்பணமிட்டு அமர்ந்து அ, ஆ எழுதினார். ஏடு தொடக்கிய நாளில் அரிசித் தட்டில் உங்கள் விரலைப் பிடித்து எழுத வைத்தது உங்களுக்கு நினைவிருக்காது. அவருக்கோ பல்கலைக்கழகம் சென்று வந்த பின்னர் அந்த அநுபவம் கிடைத்தது.

எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. வாத்தியாருக்கு வேறு மொழி தெரியாது. எழுதுவதை வாசிக்கலாம், ஆனால் வாசித்தது என்னவென்று விளங்காது. பின்னர் அழகப்பன் என்பவர் கிடைத்தார். இவர் கம்பனியின் துபாசியாக இருந்தவர். போர்த்துக்கேயம், டேனிஷ், ஜேர்மன், ஒல்லாந்த மொழிகளை அறிந்தவர். அவருடைய உதவியால் சொற்களின் பொருள் ஒவ்வொன்றாகத் திறந்தது. ஓராண்டு கழிவதற்கு முன்னரே சீகன்பால்கு தமிழிற் பேசத் தொடங்கிவிட்டார். 1707 ஓகஸ்ட் 14 அன்று சிறிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டபோது தமிழிலும் போர்த்துக்கேயத்திலும் பிரசங்கங்கள் நிகழ்ந்தன.

அவரது நேரசூசி

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் நீங்கள் எல்லோரும் நேரசூசி போடுகிறீர்கள். பல நிறங்களிற் கோடு கீறிச் சுவரில் ஒட்டுகிறீர்கள். இரண்டாவது வாரத்தில் அது சுவரில் மட்டுமே இருக்கும். சீகன்பால்குவின் நேரசூசி அவர் எழுதிய கடிதத்தில் உள்ளது. அதைச் சற்றுப் பாருங்கள்.

காலைச் செபம் முடிந்ததும் 6 மணி முதல் 7 மணி வரை லூதரின் ஞானோபதேசத்தைத் தமிழில் விளக்குவார். 7 முதல் 8 வரை முன்னர் கற்ற சொற்களையும் தொடர்களையும் மீட்டல். 8 மணியிலிருந்து நண்பகல் 12 மணி வரை, அதாவது நான்கு மணித்தியாலம், தமிழ் நூல்களை மட்டுமே வாசிப்பார். அதுவும் முன்பு வாசித்திராத நூல்கள். பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருந்து விளக்குவார். மற்றொருவர் புதிய சொற்களை எல்லாம் எழுதி வைப்பார். 12 மணிக்கு உணவு. உண்ணும்போதும் ஒருவர் வாசித்துக் காட்டுவார். 1 முதல் 2 வரை ஓய்வு. தரங்கம்பாடியின் வெயிலில் அந்த ஒரு மணித்தியாலம் தவிர்க்க முடியாதது. 2 மணிக்கு வீட்டில் ஞானோபதேச வகுப்பு. 3 முதல் 5 வரை மீண்டும் தமிழ் நூல்கள். 5 மணிக்குச் செபக்கூட்டம். 6 மணிக்கு அன்றைய நிகழ்ச்சிகள் பற்றித் தோழர்களுடன் கலந்துரையாடல். இரவு 7 முதல் 8 வரை தாம் வாசிக்காமல் ஒருவர் தமிழ் வாசிக்கக் கேட்டிருப்பார். விளக்கு வெளிச்சத்தில் வாசித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது என்பதே காரணம். அதன் பின் உணவு. அப்போதும் வாசிப்பு நடக்கும். படுக்கைக்குப் போகும் முன் தம்மோடு வளர்ந்த பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு அவர்களுடன் பேசுவார்.

கூட்டிப் பாருங்கள். தமிழுக்கு மட்டும் எட்டு மணித்தியாலம் வருகிறது. செபத்திற்கு வேறு, தமிழுக்கு வேறு என்று அவர் நாளைப் பங்கிடவில்லை. தமிழ் கற்பதே அவருக்குச் செபம் போல இருந்தது. ஒருவரிடம் கடவுளைப் பற்றிப் பேச வேண்டுமானால் அவர் வீட்டில் அவர் தாய் பேசும் சொல்லிற் பேச வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை.

இந்த உழைப்பின் பயனாக இரண்டே ஆண்டுகளில் சுமார் 20,000 சொற்களைத் தொகுத்தார். ஓலைச்சுவடிகளைத் தேடி உள்ளூர்களுக்கு ஆட்களை அனுப்பினார். இறந்துபோன புலவர்களின் வீடுகளில் மனைவியர் பாதுகாத்து வைத்திருந்த ஏடுகளை விலைகொடுத்து வாங்கினார். 1708 இல் தம்மிடமிருந்த நூல்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். அதில் இந்துக்கள் இயற்றிய தமிழ் நூல்கள் மட்டும் 119 இடம்பெற்றன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜேர்மன் மொழியில் பெயர்த்தார். நீங்கள் சிறுவகுப்பிற் பாடமாக்கிய கொன்றைவேந்தன்தான்.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. எனது வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, சேர், அவர் நம்முடைய ஆட்களை மதம் மாற்றத்தானே வந்தவர், அவரை ஏன் நாங்கள் தமிழ்ப் பாடத்திற் படிக்க வேண்டும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மறைக்க ஒன்றுமில்லை. அவர் அதற்காகத்தான் வந்தார். கடைசிவரை அந்த நோக்கத்தை விடவும் இல்லை. விக்கிரக வழிபாட்டைப் பிழை என்றே எழுதினார். ஆனால் கப்பலேறும்போது அவர் தமிழரைக் கல்வியும் ஒழுக்கமும் அற்றவர்கள் என எண்ணியிருந்தார். நீதி நூல்களை வாசித்த பின்னர் அந்த எண்ணம் தவறு என்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். ஐரோப்பாவிலுள்ளவர்களும் அதனை அறிய வேண்டும் என விரும்பினார். தமக்கு எதிரான கருத்துகளையும் கேட்டார். 1712 முதல் 1714 வரையில் தமிழரிடம் கடிதம் மூலம் கேள்விகள் கேட்டு, கிடைத்த மறுமொழிகளைத் தோழர் கிரண்ட்லருடன் சேர்ந்து ஜேர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார். ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடியையும் நடத்தையையும் கடிந்த பகுதிகளும் அவற்றில் இருந்தன. எனது மாணவி இந்த விடையில் முழுத் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை. கட்டுரையில் இரண்டு பக்கத்தையும் எழுது என்று சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

சிறை

1707 மே மாதத்தில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனிஷ் எசமானர்களின் வீட்டு அடிமைகள். அதே ஆண்டிற் பாடசாலைகள் ஆரம்பமாயின. சிறுமிகளுக்கும் பாடசாலை நடத்தினார். பெண்பிள்ளைகள் ஏடு தூக்குவது அரிதாக இருந்த காலம் அது என்பதை எண்ணிப் பாருங்கள். கணபதி வாத்தியார் என்ற இளம் புலவர் அவரோடு பழகிக் கிறிஸ்தவ நெறியைத் தழுவியபோது உறவினரின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. எதிர்ப்பு ஊரிலிருந்து மட்டும் வரவில்லை. டேனிஷ் கோட்டையிலிருந்துதான் பெரிதாக வந்தது.

1708 துன்பமான ஆண்டு. ஐரோப்பாவிலிருந்து அவர்களது செலவுக்காக வந்த பணப்பெட்டி, கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும்போது படகு கவிழ்ந்து கடலில் அமிழ்ந்தது. பணம் மீளக் கிடைக்கவேயில்லை. அந்த ஆண்டு ஒக்டோபர் 17 அன்று புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். ஒரு மாதந்தான் சென்றது. ஏழை நாவிதர் ஒருவரின் விதவை மனைவி கடன் வழக்கொன்றில் அகப்பட்டு நீதி கிடைக்காமல் நின்றாள். சீகன்பால்கு அவளுக்காகப் பரிந்து பேசினார். தமது அதிகாரத்தை எதிர்க்கிறார் எனக் கோபங்கொண்ட ஹாசியுஸ் அவரைக் கோட்டைக்குள் சிறையிட்டார். ஏறக்குறைய நான்கு மாதங்கள். தனிமை, வெக்கை. தொடக்கத்தில் எழுதுவதற்குக் கடதாசியும் மையும் மறுக்கப்பட்டன.

நாள் முழுவதும் எழுத்தோடு வாழ்ந்த ஒருவரிடமிருந்து எழுத்தைப் பறிப்பது எத்தகைய தண்டனை என்று நினைத்துப் பாருங்கள். செபிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பின்னர் எழுதுபொருள் கிடைத்ததும் சமய நூல்களை எழுதினார். 1709 மார்ச்சில் விடுதலையானார். அந்த ஆண்டு யூலையில் கிரண்ட்லர் முதலிய புதிய தோழர்களும் பணமும் மன்னனின் ஆதரவுக் கட்டளையும் வந்து சேர்ந்தபின் நிலைமை ஓரளவு சீரடைந்தது.

விடுபட்ட மொழிபெயர்ப்பு 1711 மார்ச் 31 அன்று நிறைவுற்றது. லண்டனிலுள்ள கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம் ஓர் அச்சியந்திரத்தை அனுப்பியது. வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். கூடவந்த அச்சாளரும் இறந்துபோனார். ஆயினும் இயந்திரம் தரங்கம்பாடியை அடைந்தது. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713 இல் வந்தன. அவை அளவிற் பெரியனவாக இருந்தமையால் கடதாசி அதிகம் செலவாயிற்று. ஆகவே, சீஸ் பொதிந்து வந்த ஈய உறைகளை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்த்தனர். 1714 இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் பணிகளும், 1715 இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாயின. முதலில் வந்த நூலின் தலைப்பிலேயே ஐந்து என்பது அஞ்சு என்றுதான் இருந்தது. இலக்கணத் தமிழ் அல்ல, தெருவில் கேட்ட தமிழ். வீரமாமுனிவர் வேதவிளக்கம் என்ற நூலில் தரங்கம்பாடியாரின் தமிழைக் குறைகூறினார். நடையழகை நோக்கினால் வீரமாமுனிவர் கூறியது சரிதான் என்பது எனது கருத்து. ஆனால் நாவிதரின் மனைவிக்கும் வீட்டு அடிமைக்கும் எந்தத் தமிழ் விளங்கியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கடைசி ஆண்டுகள்

1714 இறுதியில் ஐரோப்பா சென்றார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞனும் உடன் சென்றான். அவனது துணையோடு எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716 இல் ஹாலேயில் இலத்தீன் மொழியில் வெளிவந்தது. மரியா டொரதேயா சால்ஸ்மன் என்பவரை மணந்து அந்த ஆண்டே மனைவியுடன் தரங்கம்பாடிக்குத் திரும்பினார். புதிய எருசலேம் ஆலயம் 1718 ஒக்டோபர் 11 அன்று அர்ப்பணிக்கப்பட்டது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கொப்பன்கேகனில் மிஷன் நிருவாகத்தில் இருந்த வென்ட் என்பவரிடமிருந்து கண்டனக் கடிதங்கள் வந்தன. மிஷனரிகள் கட்டடங்கள் கட்டுவதும் பாடசாலை நடத்துவதும் தேவையற்றவை, அப்போஸ்தலரைப் போல ஊர் ஊராக நடந்து போதிப்பதே போதும் என்பது அவருடைய வாதம். தரங்கம்பாடியையே கண்டிராதவர் அவர். ஹாசியுஸின் சிறையைத் தாங்கிய சீகன்பால்குவால், தம்மை அனுப்பிய சபையிலிருந்து வந்த இந்த வார்த்தைகளைத் தாங்க முடியவில்லை. ஏற்கெனவே நலிந்திருந்த உடல் மேலும் தளர்ந்தது.

1719 பெப்ரவரி 23 அன்று தம்மைக் கட்டிலிலிருந்து எடுத்து நாற்காலியில் அமர்த்தும்படி கேட்டார். தமக்கு விருப்பமான ஞானப்பாட்டைப் பாடச் சொன்னார். சூரியன் நேரே முகத்திற் படுவது போல ஒளி கூசுகிறது எனக் கூறிக் கையாற் கண்களை மறைத்தாராம். சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 36. அவரது சபையில் அப்போது இருந்தோர் சில நூறு பேரே. புதிய எருசலேம் ஆலயத்தினுள்ளேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. ரூத் ஆகமம் வரை மொழிபெயர்த்து விட்டிருந்த பழைய ஏற்பாட்டை, பின்னர் வந்த பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார்.

அவர் முடித்தும் வெளிவராத ஒரு நூலும் உண்டு. தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றி, சிவன், விட்டுணு முதல் ஊர்க்காவல் தெய்வங்கள் வரை, தமிழ் ஏடுகளையும் தமிழர் எழுதிய கடிதங்களையும் ஆதாரமாகக் கொண்டு 1713 இல் ஜேர்மன் மொழியில் ஒரு பெரிய நூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அதை அச்சிட மறுத்தவர் வேறு யாருமல்லர், அவருடைய ஆசிரியர் பிராங்கேதான். புறச்சமயத்தை அகற்றத்தான் உங்களை அனுப்பினோம், அதனை ஐரோப்பாவிற் பரப்புவதற்கு அல்ல என்பது அவருடைய பதிலின் சாரம். கையெழுத்துப் பிரதி ஹாலேயிற் கிடந்தது. ஜெர்மன் என்ற மிஷனரி அதனைப் பதிப்பித்து 1867 இல் சென்னையில் அச்சிட்டார். சீகன்பால்கு இறந்து அப்போது 148 ஆண்டுகள் ஆகியிருந்தன.